மகன் மீதான திருட்டு வழக்கு: குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்

காரைக்குடிக்கு அருகில் உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயர்களையும் நீக்கிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மாமனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் ஒரு நகரத்தார் வீட்டுக்குக் காவலாக இருந்துவருகிறது. வீட்டுக்கு உரிய ஆச்சி சென்னையில் வசிக்கிறார். படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போதுதான் வீடு முழுவதும் திறக்கப்படும். மற்ற நாட்களில் சாவிக்கொத்து இவருடைய கணவரிடம் இருக்கும். வளவை (உள்முற்றப் பகுதியை) கூட்டிப் பெருக்குவதும் ஓடு சரிந்தால் ஆள் வைத்துப் பார்ப்பதும் அவர் பொறுப்பு. சென்ற ஆண்டு ஓர் இரவு, அப்போது 19 வயதான மகன், தகப்பனாருக்குத் தெரியாமல் அந்தச் சாவியை எடுத்து, இரண்டு நண்பர்களோடு உள்ளே போய், இரண்டாம் கட்டு அறையிலிருந்த பித்தளை அண்டாக்களையும் குத்துவிளக்குகளையும் எனாமல் பாத்திரங்களையும் எடுத்து, பழைய பொருள் வாங்கும் ஒருவரிடம் விற்றுவிட்டான். மூவரும் பிடிபட்டார்கள். பொருள்களில் பெரும்பகுதி மீட்கப்பட்டது. மகன் இளவயதுக் கைதிகளை வைக்கும் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளியில் 34 நாள் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, அடுத்த மாதம் நடுவர் நீதிமன்றத்தில் ஆஜராகச் சம்மன் வந்திருக்கிறது. அவனுக்கு 21 வயது நிறைய இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சித்தப்பா அவனை அங்கே அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்; அதுவும் இப்போது தொங்கலில் நிற்கிறது.

நீதிமன்ற விவகாரம் தெரிந்தவர் என்று ஊரில் பெயர் வாங்கிய ஒருவர், “முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அபராதத்தோடு முடிந்துவிடும், இருந்த 34 நாளும் இரவு பகல் சேர்த்து 68 நாளாகக் கணக்காகும்” என்று சொல்லியிருக்கிறார். ஆச்சியோ, “பையன் வாழ்க்கை போக வேண்டாம், நான் கேஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்” என்கிறார். குற்றப்பத்திரிகையில் இருக்கும் இரண்டு பிரிவுகளுக்கும் 7 ஆண்டு, 14 ஆண்டு என்று தண்டனை எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்து, 21 ஆண்டு சிறை என்று எண்ணி இந்தத் தாய் உறக்கமின்றி இருக்கிறார். “சாவியால் திறந்தார்களே தவிர எதையும் உடைக்கவில்லை, ஆள் இல்லாத வீடு, பையன் சிறுவன். இதைச் சொன்னால் போதாதா?” என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அம்மா, உங்கள் கடிதத்தில் மகன் செய்ததை நீங்கள் ஓர் இடத்திலும் மறைக்கவில்லை. நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் நானும் பயனுள்ள பதிலைச் சொல்ல முடிகிறது. முதலில் உங்கள் பயத்தைக் குறைக்கிறேன். பிறகு, உங்களுக்குச் சொல்லப்பட்ட சில தவறான செய்திகளைத் திருத்துகிறேன். அதன் பிறகு இந்த ஒன்பது மாதத்தை என்ன செய்வது என்று பார்ப்போம்.

அந்த 21 ஆண்டுக் கணக்கு

சட்டத்தில் எழுதியிருப்பது உச்ச வரம்பு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், வசிப்பதற்கோ பொருளைப் பாதுகாத்து வைப்பதற்கோ பயன்படும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கு 305-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரையிலும், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் திருடுவதற்காக வீடு புகுந்ததற்கு 331-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவின்படி பதினான்கு ஆண்டு வரையிலும் சிறை விதிக்கலாம். ஆனால் உங்கள் மகனை விசாரிக்கப்போவது முதல் வகுப்பு நீதித்துறை நடுவர். பிரிவில் எத்தனை ஆண்டு எழுதியிருந்தாலும், அவர் ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க அதிகாரம் பெற்றவர் அல்லர். அதற்கு மேல் தேவை என்று அவர் கருதினால் வழக்கைத் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். முதல் முறையாகத் தவறிய, பொருளும் பெரும்பாலும் மீண்டுவிட்ட ஓர் இளைஞன் விஷயத்தில் அப்படி அனுப்புவதற்கான காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் எனக்குத் தென்படவில்லை. இரண்டு பிரிவுகளுக்கும் தனித்தனியே தண்டனை தந்தாலும், அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகவா ஒரே காலத்திலா அனுபவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பில் சொல்லும். ஒரே இரவில் ஒரே செயலாக நடந்தவற்றுக்குப் பொதுவாக ஏககாலத்தில் என்றே உத்தரவிடுவார்கள்.

காவலில் இருந்த 34 நாளும் வீண்போகாது. சிறைத்தண்டனை கிடைத்தால் அந்த நாட்கள் அதில் கழிக்கப்படும். ஆனால் 34 நாள் 34 நாள்தான். இரவு ஒரு நாள், பகல் ஒரு நாள் என்று எண்ணும் வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்தக் கணக்கை நம்பி முடிவெடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சாவி, ஆளில்லாத வீடு, வயது

பூட்டை உடைத்தால்தான் வீடு உடைத்துப் புகுதல் என்பது பலருக்கும் உள்ள எண்ணம். ஆனால் உள்ளே போவதற்காக ஒரு பூட்டைத் திறப்பதே அந்தக் குற்றத்துக்குப் போதும். வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதனால் கதவைத் திறந்து புகுந்தவனும் வீடு உடைத்துப் புகுந்தவனே என்று, சட்டம் தன் உதாரணங்களில் ஒன்றாகவே அதைச் சொல்லியிருக்கிறது. ஆள் இல்லாத வீடு என்ற வாதமும் நிற்காது, ஏனெனில் பொருளைப் பூட்டிப் பாதுகாத்து வைத்திருக்கும் கட்டடம் என்பதே 305-க்குப் போதுமானது. தகப்பனாரோடு பெருக்கித் துடைக்க அந்த வீட்டுக்குள் வழக்கமாகப் போய்வந்தவன் என்பதை வைத்து, அத்துமீறி நுழைந்தானா என்ற கேள்வியை ஒரு வழக்கறிஞர் எழுப்பலாம். எழுப்பட்டும். ஆனால் இரவில், தகப்பனாருக்குத் தெரியாமல், இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போனதை அது எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

வயதைப் பற்றி நீங்கள் கேட்டது, நீங்கள் நினைத்ததைவிட முக்கியமான கேள்வி. சிறுவர் நீதிச் சட்டம் பார்ப்பது குற்றம் நடந்த நாளில் 18 நிறைந்ததா என்பதை. உங்கள் மகனுக்கு அன்று 19. ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 6-ஆவது பிரிவு, ஆயுள் தண்டனைக்குரியது அல்லாத குற்றத்தைச் செய்த 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதையே விதியாக வைக்கிறது. அப்படி அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைத்துப் படித்து, வேறு வழி ஏன் பொருந்தாது என்று நடுவர் காரணம் எழுத வேண்டும். பதினான்கு ஆண்டுப் பிரிவுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, அம்மா. இந்தச் சட்டத்துக்கு வயது கணக்கிடப்படுவது குற்றம் நடந்த நாளில் அல்ல. விசாரணை நீதிமன்றம் அவனைக் குற்றவாளி என்று கண்டு தண்டனை குறித்து முடிவெடுக்கும் நாளில். 1963-இல் ராம்ஜி மிசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். ஆகவே வழக்கு இழுத்துக்கொண்டே போய் அவன் 21-ஐக் கடந்துவிட்டால், இந்த வலுவான பாதுகாப்பு போய்விடும். அதன்பின் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு மட்டும் இருக்கும். அதிலும் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். ஆனால் அது முழுக்க நடுவரின் விருப்புரிமை. வாய்தா வாங்கி வாங்கி வழக்கை நீட்டினால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். உங்கள் மகனுக்கு அது நல்லதல்ல.

“ஒத்துக்கொண்டால் அபராதம்” என்ற ஆலோசனை

முதல் ஆஜரிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று பொதுவாகக் கேட்க மாட்டார்கள். அன்று, அல்லது அதிலிருந்து பதினான்கு நாளுக்குள், குற்றப்பத்திரிகையும் சாட்சி வாக்குமூலங்களும் அடங்கிய நகல்களைக் கட்டணமின்றித் தர வேண்டும். அவற்றைப் பெற்ற 60 நாளுக்குள், வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரி மனுச் செய்ய உரிமை உண்டு. அதற்குப் பிறகுதான் நடுவர் குற்றச்சாட்டு வனைந்து (முறைப்படி எழுதி), அதைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பார். நகலைப் படிக்காமல், எந்தப் பிரிவு நிற்கும், எது நிற்காது என்று தெரியாமல் தலையாட்டுவது ஆபத்தானது.

அபராதத்தோடு முடியும் என்பது இன்னும் பெரிய தவறு. இந்த இரண்டு பிரிவுகளும் “சிறைத்தண்டனை விதிக்கப்படும், அபராதத்துக்கும் உள்ளாக்கப்படலாம்” என்ற அமைப்பில் எழுதப்பட்டவை. “சிறை அல்லது அபராதம்” என்று அவற்றில் இல்லை. குறைந்தபட்சம் இத்தனை நாள் என்று சொல்லப்படவில்லையே தவிர, சிறை என்பது கட்டாயம். அபராதம் அதற்கு மேல் வருவது. அந்தக் கட்டாயத்திலிருந்து வெளியே வரும் வழி நன்னடத்தைச் சட்டம்தான். புதிய சட்டத்தில் சமூக சேவைத் தண்டனை வந்திருப்பதாக நீங்கள் கேள்விப்பட்டது உண்மையே. ஆனால் திருட்டைப் பொறுத்தவரை, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடி அதைத் திருப்பித் தந்துவிட்ட சாதாரணத் திருட்டுக்கு மட்டுமே அது உரியது. வீட்டுக்குள் நடந்த திருட்டுக்கு இல்லை.

ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், தண்டனையின் அளவு, அது சட்டப்படி சரியா என்ற இரண்டைத் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு செய்ய முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குற்றவாளி என்ற முடிவே தவறு என்று பிறகு சொல்ல வழியில்லை.

காவல் நிலையத்தில் அவன் எழுதிக்கொடுத்த வாக்குமூலத்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை அவனுக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் சொன்ன தகவலைக் கொண்டு பொருள் கண்டெடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாக வரும். உங்கள் வழக்கில் அண்டாவும் விளக்கும் அப்படித்தான் கிடைத்திருக்கின்றன என்று தோன்றுவதால், சாட்சியம் பலவீனமாக இருக்கிறது என்ற ஆறுதலை என்னால் உங்களுக்குத் தர முடியவில்லை.

ஆச்சியின் மனது

இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனம் இருப்பது பெரிய விஷயம். ஆனால் குற்றவியல் வழக்கு ஆச்சிக்கும் உங்கள் மகனுக்கும் இடையிலானது அன்று, அரசு நடத்துவது. சாதாரணத் திருட்டைப் பொருளுக்கு உரியவர் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வீட்டுக்குள் நடந்த திருட்டும், இரவில் வீடு புகுதலும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆச்சி நடுவர் முன் வந்து வாபஸ் என்று சொன்னாலும், நடுவரால் அதை ஏற்று வழக்கை முடிக்க இயலாது. பேரம் பேசித் தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் குற்ற ஒப்புதல் பேரம் என்ற முறையும், ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய பிரிவு வழக்கில் இருக்கும்வரை உங்களுக்குக் கிடைக்காது.

ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. சமரசம் செய்ய முடியாத குற்றமானாலும், தரப்பினர் உண்மையாகவே சமாதானமாகிவிட்டார்கள், வழக்கைத் தொடர்வதால் நீதிக்கு ஒரு பயனும் இல்லை என்று கண்டால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று கியான் சிங் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கொலை, வன்புணர்வு போன்ற கொடுங்குற்றங்களுக்கு அந்தக் கருணை இல்லை. சிவகங்கை மாவட்டத்து வழக்குக்கு மதுரைக் கிளையில் மனுச் செய்ய வேண்டும். அரசுத் தரப்பு எதிர்க்கலாம், நீதிபதி மறுக்கலாம், உறுதி சொல்ல முடியாது. கிடைத்தால் இதைவிட நல்லது வேறில்லை, ஏனென்றால் வழக்கே இல்லாமல் போகும்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: உங்கள் மகனோ அவன் நண்பர்களோ ஆச்சியை நேரில் போய்ப் பார்க்கக் கூடாது. அவர் வழக்கின் முதன்மைச் சாட்சி. காலில் விழுந்து அழுததைக்கூட, சாட்சியைக் கலைக்க முயன்றதாகச் சொல்லி ஜாமீனை ரத்து செய்யக் கேட்க முடியும். பேச்சு வழக்கறிஞர் மூலமாகவே நடக்கட்டும். ஆச்சி தயங்கினால் ஒரு சொல்லும் வற்புறுத்த வேண்டாம்.

இந்த ஒன்பது மாதத்தில்

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதலில் மகனுக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்துவேன். மூவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் என்று நண்பர்களில் ஒருவனுடைய வீட்டார் சொல்வதை ஏற்காதீர்கள். அந்த நண்பன் மேல் ஏற்கெனவே வழக்குகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு நல்லதாக இருக்கும் வாதம் உங்கள் மகனுக்குக் கேடாக முடியலாம். பணம் இல்லையென்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டவருக்கும் வழக்கறிஞரைக் கட்டணமின்றித் தருவது அதன் கடமை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் நேரில் மனுக் கொடுக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இலவச வக்கீல் சரியாகப் பார்க்க மாட்டார் என்ற ஊர்ப்பேச்சு நியாயமற்றது. அதே நடுவர் முன் நாள்தோறும் குற்ற வழக்கு நடத்துபவர்கள் அவர்கள்.

அடுத்து, ஆச்சி மனம் மாறாமல் இருந்தால், மதுரைக் கிளையில் ரத்து மனுவை உடனே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். மகனின் 21-ஆவது பிறந்தநாளுக்கு நான்கு மாதம் இருக்கும்போதும் அது முடியவில்லை என்றால், நகல்களைப் படித்த வழக்கறிஞர் சாட்சியம் வலுவானது என்று கருதினால், மகனும் மனமார ஒப்புக்கொண்டால், அப்போது குற்றத்தை ஏற்றுக்கொண்டு, அன்றே நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கோரச் சொல்வதே சரி என்பது என் கருத்து. ஒப்புக்கொள்வதே கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. எதை, எப்போது, எதற்காக ஒப்புக்கொள்கிறோம் என்பது தெரிந்து செய்ய வேண்டும் என்கிறேன். செய்யாத ஒன்று குற்றப்பத்திரிகையில் சேர்க்கப்பட்டிருந்தால், அதை அவன் ஒப்புக்கொள்ளவே கூடாது.

நன்னடத்தைப் பிணை என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். குற்றவாளி என்ற தீர்ப்பு இருக்கும், சிறை இருக்காது. அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை ஒழுங்காக நடப்பதாக, பெரும்பாலும் ஜாமீன்தாரரோடு, பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலரின் மேற்பார்வையும் ஆச்சிக்கு இழப்பீடும் சேர்த்து உத்தரவாகலாம். திரும்பக் கிடைக்காத பொருள்களின் மதிப்பை இப்போதே சிறுகச் சிறுகச் சேர்த்து வைப்பது நல்லது. நிபந்தனையை மீறினால், பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். இப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் பிற சட்டங்களில் வரும் தகுதியின்மை ஏற்படாது என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காக, குற்றவாளி என்ற தீர்ப்பே அழிந்துவிட்டதாகப் பொருள் இல்லை; வேலை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்கக் கூடாது.

சிங்கப்பூர் விஷயத்தில் இப்போதைக்கு அவசரம் வேண்டாம். குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது கடவுச்சீட்டை மறுக்கலாம். 1993-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றமே அனுமதித்தால்தான் அந்தத் தடை விலகும். வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது இன்னொரு குற்றம். சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லிக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். மகன் எப்படி வளர்ந்தான், யாரோடு பழகுகிறான், இப்போது என்ன வேலைக்குப் போகிறான், இந்தச் செயலை வீட்டார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்பார். அவரிடம் அலங்காரமாகப் பேச வேண்டியதில்லை, நடந்ததைச் சொல்லுங்கள். அவன் வேலைக்குப் போகும் இடத்தில் ஒரு கடிதம், படித்த சான்றிதழ், வயதுக்குப் பிறப்புச் சான்றிதழும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும், நண்பர்கள் கூட்டத்தை விட்டு விலகியதற்கு அடையாளமாக இருக்கும் எதுவானாலும், இப்போதிருந்தே ஒரு கோப்பில் சேருங்கள்.

கடிதத்தின் கடைசி வரியில், அவன் ஜாமீனில் வந்த நாளிலிருந்து தகப்பனார் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை, சாவிக்கொத்தை ஆச்சி வீட்டுக் கணக்கரிடம் ஒப்படைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு தலைமுறை நம்பிக்கையைச் சுமந்த மனிதருக்கு அந்த வலி இருக்கும். அதைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அந்த அலுவலர் வீட்டில் முதலில் கேட்கப்போவது அவரைத்தான். இவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தகப்பன் சொல்கிறாரா என்பது அறிக்கையில் எழுதப்படும். அதை அவரிடம் நீங்கள் இன்றே சொல்லிவிடுங்கள்.